மோட்டார் சைக்கிள் பேட்டரியின் வரவு செலவு



முன்பெல்லாம் தோட்டத்தில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கிராணி ஒருவர், மண்டோர் ஒருவர், தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் என்று இருக்கும். இன்று ஜாசின் பக்கமோ அலோர் காஜா பக்கமோ எந்தத் தோட்டத்துக்குள் நுழைந்தாலும் வீட்டுக்கு வீடு ஒரு வண்டி நிற்கிறது. சில வீடுகளில் இரண்டு மூன்று. தகப்பனார் செம்பனைக் காட்டுக்குப் போக ஒன்று, மகன் பத்து பிரண்டாம் தொழிற்சாலைக்கு இரவு வேலைக்குப் போக ஒன்று, மகள் மலாக்கா டவுனுக்குப் போய்வர ஒன்று. தோட்டத்தை விட்டு டவுன் பக்கம் குடியேறிவிட்ட குடும்பங்களிலும் இதே நிலைதான்.

வண்டிகள் பெருகியதுபோல, வண்டியில் மாட்டும் பொருள்களும் பெருகிவிட்டன. கைத்தொலைபேசிக்குச் சார்ஜ் ஏற்றும் பெட்டி, முன்பக்கத்தில் கூடுதல் விளக்கு, திருட்டைத் தடுக்கும் அலாரம், பெரிய ஹார்ன் என்று ஏதாவது ஒன்று இல்லாத வண்டி குறைவு. இவற்றை வண்டியின் பேட்டரியோடு எப்படி இணைப்பது என்பதே இன்று நாம் பார்க்கப்போகும் விஷயம்.

"இரண்டு வயரை இழுத்து மாட்டினால் எரியப்போகிறது, இதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்கலாம். எரியும் என்பது உண்மைதான். விளக்கு எரிகிறதா, வயர் எரிகிறதா என்பதுதான் கேள்வி. நாம் பெரிதும் பயன்படுத்தும் கப்சாய் வண்டிகள் பலவற்றில், பெட்ரோல் தொட்டி இருக்கைக்கு அடியிலேயே இருக்கிறது. பேட்டரியும் அதற்கு வெகு தூரத்தில் இல்லை. பிள்ளையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகும் வண்டி அது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

இன்னொரு கவலையும் உண்டு. அது தினசரிக் கவலை. விடியற்காலை இருட்டில் வண்டியை எடுக்கப் போனால் இயந்திரம் முனகக்கூட மாட்டேன் என்கிறது. பிரட்டுக்குப் பிந்தினால் அன்றைய பேர் போய்விடும். தொழிற்சாலையானால் பஸ் போய்விட்டது, சம்பளத்தில் வெட்டு. பேட்டரி கெட்டுவிட்டது என்று புதிது வாங்கிப் போடுகிறோம். மூன்று மாதத்தில் அதுவும் படுத்துவிடுகிறது. பேட்டரியில் குறை இருக்கலாம். ஆனால் பல நேரங்களில் குறை நம்முடைய கணக்கில்தான் இருக்கிறது.

நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் பேட்டரி புதிதன்று. லயத்து வீடுகளில் தோட்டத்து இயந்திரம் ஓடும் சில மணி நேரத்துக்கு மட்டுமே மின்சாரம் இருந்த காலத்தில், கார் பேட்டரியை வைத்துக் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பேட்டரி தீரத் தீரப் படம் நான்கு பக்கமும் சுருங்கிக்கொண்டே வரும். கதாநாயகன் பேசி முடிப்பதற்குள் நின்றும் போகும். மறுநாள் அதைத் தூக்கிக்கொண்டு டவுன் கடைக்குப் போய்ச் சார்ஜ் போட்டு வருவார்கள். அந்தக் கார் பேட்டரி ஏறக்குறைய 40 ஆம்பியர்-மணி கொள்ளளவு உடையது. அதாவது, ஒரு ஆம்பியர் மின்னோட்டத்தை 40 மணி நேரம் தரக்கூடியது. நமது கப்சாயில் இருப்பது மூன்றரை முதல் 5 ஆம்பியர்-மணி. அது குடம் என்றால் இது செம்பு. செம்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு குடத்துச் செலவு செய்ய முடியாது அல்லவா?

ஈயத் தகடுகளையும் கந்தக அமிலத்தையும் கொண்ட இந்தப் பேட்டரியை, மீண்டும் மீண்டும் சார்ஜ் ஏற்றிப் பயன்படுத்தும் வகையில் 1859ஆம் ஆண்டில் கண்டுபிடித்தவர் கஸ்டோன் பிளாந்தே என்ற பிரெஞ்சுக்காரர். நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அடிப்படை மாறவில்லை. 1958இல் ஜப்பானில் ஹோண்டா சூப்பர் கப் வெளிவந்தது. அதே ஆண்டில் பினாங்கு வணிகர் லோ பூன் சியூ ஹோண்டா வண்டிகளை மலாயாவில் விற்கும் உரிமையைப் பெற்றார். அந்தக் 'கப்' என்ற பெயரோடு, சிறியது என்ற பொருளுடைய சீனச் சொல் 'சாய்' ஒட்டிக்கொண்டதால்தான் நம் நாட்டில் கப்சாய் என்ற பெயரே வந்தது. பழைய வண்டிகளில் பல 6 வோல்ட். இன்று வருபவை எல்லாம் 12 வோல்ட். தாத்தா காலத்து சி70 இன்னும் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தால், அதற்கு ஏதும் வாங்குமுன் பேட்டரியின் மேல் என்ன எண் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 12 வோல்ட் சாமான் 6 வோல்ட் வண்டியில் சரிவர வேலை செய்யாது.

இப்போது கணக்குக்கு வருவோம். வீட்டில் மாதச் சம்பளம் வரவு. கடைக் கணக்கும் பிள்ளைகளின் படிப்பும் செலவு. அவசரத்துக்கென்று அலமாரியில் வைத்திருப்பது சேமிப்பு. வண்டியில் இயந்திரம் சுழலும்போது மின்சாரம் உண்டாக்கும் சுருள்தான் வரவு. பேட்டரி வெறும் சேமிப்பு. பலர் பேட்டரியே மின்சாரத்தை உண்டாக்குவதாக எண்ணிக்கொள்கிறார்கள். அது உண்டாக்குவதில்லை, கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

சிறிய வண்டியில் இந்த வரவு மிகவும் குறைவு. பழைய கப்சாய்களில், வண்டி நல்ல வேகத்தில் ஓடும்போதுகூடப் பேட்டரிக்கு வந்து சேருவது ஓரிரு ஆம்பியர்தான். கடை வாசலில் இயந்திரம் மெதுவாக ஓடிக்கொண்டு நிற்கும்போது அதுவும் இல்லை. தயாரித்தவர்கள் ஹார்ன், சமிக்ஞை விளக்கு, பிரேக் விளக்கு, ஸ்டார்ட்டர் ஆகியவற்றுக்குக் கணக்குப் பார்த்து, கொஞ்சம் மிச்சம் வைத்து வண்டியைச் செய்திருக்கிறார்கள். நாம் மாட்டும் பொருள் எல்லாம் அந்தச் சிறு மிச்சத்துக்குள் அடங்க வேண்டும்.

செலவைக் கணக்கிடுவது எளிது. எந்தப் பொருளை வாங்கினாலும் எத்தனை வாட் என்று அதில் எழுதியிருக்கும். அந்த வாட்டை 12ஆல் வகுத்தால் வருவது ஆம்பியர். கைத்தொலைபேசிச் சார்ஜர் முழு வேலை செய்யும்போது சுமார் 12 வாட் இழுக்கும். அது ஒரு ஆம்பியர். எல்.இ.டி. விளக்கு இரண்டும் சேர்ந்து 20 வாட் என்றால் ஒன்றரை ஆம்பியருக்கு மேல். பழைய கார் விளக்கைக் கழற்றி மாட்டுகிறவர்களும் உண்டு. அது 55 வாட். ஏறக்குறைய நாலரை ஆம்பியர். அதை எரித்துக்கொண்டு மெதுவாகப் போனால் ஒரு மணி நேரத்தில் பேட்டரி காலி. தொலைபேசிச் சார்ஜரைக் கப்சாய் தாங்கும். சிறிய எல்.இ.டி. விளக்கையும், தேவையான இடத்தில் மட்டும் எரித்தால், தாங்கும். கார் விளக்கை எவ்வளவு நன்றாக வயர் இழுத்து மாட்டினாலும் தாங்காது. எந்தப் பட்டறைக்காரர் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

எல்லாவற்றிலும் ஏமாற்றுவது அலாரந்தான். அது இரவு பகலாக விழித்திருக்க வேண்டுமாதலால் எந்நேரமும் கொஞ்சம் மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். வெறும் 20 மில்லி ஆம்பியர் என்றே வைத்துக்கொள்வோம். 24 மணி நேரத்துக்கு ஏறக்குறைய அரை ஆம்பியர்-மணி ஆகிறது. 5 ஆம்பியர்-மணி பேட்டரி பத்து நாளில் முழுவதும் தீர்ந்துவிடும். பாதி தீர்ந்தாலே ஸ்டார்ட்டர் திணறத் தொடங்கும். தீபாவளிக்கு ஈப்போவிலோ கூலிமிலோ உள்ள உறவினர் வீட்டுக்குப் போய் ஒரு வாரம் கழித்துத் திரும்புகிறோம். வண்டி எடுக்கவில்லை. "பேட்டரி மட்டமானது" என்று கடைக்காரர்மேல் கோபம் வருகிறது. தினமும் பத்து மைல் ஓடும் வண்டிக்கு அலாரம் தொல்லை தராது. வாரக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு அது ஆகாது. ஊருக்குப் போகும்போது பேட்டரியின் எதிர்முனை வயரைக் கழற்றிவிட்டு, வண்டிக்கு ஒரு நல்ல சங்கிலிப் பூட்டைப் போட்டுவிட்டுப் போகலாம்.

பழைய காபரேட்டர் வண்டி பலவற்றில் பேட்டரி செத்தாலும் காலால் உதைத்து ஓட்டிவிடலாம். இன்று வரும் வண்டிகளில் பெட்ரோலை அளந்து உட்செலுத்த ஒரு மின்சாரப் பம்பும், அதை நடத்த ஒரு சிறு கணினியும் இருக்கின்றன. இரண்டுக்கும் பேட்டரி வேண்டும். முற்றிலும் தீர்ந்துபோன பேட்டரியோடு அத்தகைய வண்டிகள் பலவற்றை எவ்வளவு உதைத்தாலும் பயனில்லை. புதிய வண்டி வாங்கிய பிள்ளைகளுக்குத் தகப்பன்மார் தங்கள் காலத்து அனுபவத்தை வைத்துத் தைரியம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்தத் தைரியம் பழைய வண்டிக்குத்தான் பொருந்தும்.

சரி, மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது? இதில் ஒரு பொதுவான தவறு உண்டு. முன்விளக்குக்குப் போகும் வயர் கைப்பிடிக்கு அருகிலேயே இருப்பதால், தொலைபேசிச் சார்ஜரை அதிலேயே கீறி இணைத்துவிடுகிறார்கள். பழைய கப்சாய்கள் பலவற்றில் முன்விளக்கு பேட்டரியிலிருந்து எரிவதில்லை. நேரே இயந்திரத்துச் சுருளிலிருந்து எரிகிறது. இதைக் கண்டுபிடிப்பது சுலபம். இயந்திரத்தை ஓட்டாமல் சாவியை மட்டும் திறந்து விளக்கைப் போட்டுப் பாருங்கள். எரியவில்லையென்றால், அல்லது ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க வெளிச்சம் கூடுகிறதென்றால், அது சுருள் மின்சாரம். அது ஏறும், இறங்கும், திசையும் மாறிக்கொண்டே இருக்கும். தொலைபேசிச் சார்ஜர் அதைத் தாங்காது. நானூறு ஐந்நூறு ரிங்கிட் கொடுத்து வாங்கிய தொலைபேசியும் சேர்ந்து கெட்டால் யாரைக் கேட்பது?

பேட்டரியிலிருந்தே நேரே எடுக்கலாம். ஆனால் சாவியை அடைத்த பிறகும் அந்தப் பொருள் மின்சாரம் குடித்துக்கொண்டிருக்கும். ஆகவே, சாவியைத் திறந்தால் மட்டும் மின்சாரம் வரும் வயரிலிருந்து எடுப்பதே நல்லது. ஹோண்டா வண்டிகளில் அது கறுப்பு வயர். பேட்டரியிலிருந்து எந்நேரமும் வருவது சிவப்பு. உடற்சட்டத்தோடு சேரும் எதிர்முனை பச்சை. இதைப் படித்துக்கொண்டு பக்கத்து வீட்டு யமஹாவில் கை வைத்தால் ஆபத்து. யமஹாவில் சாவி திறந்தால் மின்சாரம் வருவது பழுப்பு வயர், கறுப்போ எதிர்முனை. ஒன்றில் உயிருள்ள வயர், மற்றதில் செத்த வயர், நிறம் ஒன்றுதான். எந்த வண்டியாக இருந்தாலும் நிறத்தை நம்பாமல், சோதனை விளக்காலோ மீட்டராலோ தொட்டுப் பார்த்த பிறகே வெட்டுவதும் ஒட்டுவதும். மீட்டர் என்பது டவுன் இரும்புக்கடையில் மலிவாகவே கிடைக்கிறது. நாலு வீட்டார் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொண்டாலும் போதும்.

அடுத்தது பியூஸ். இன்றைய பேச்சில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். சிறு பேட்டரி என்று நாம் இளக்காரமாக நினைத்தாலும், அதன் இரு முனைகளும் நேராகத் தொட்டுக்கொண்டால் ஒரு நொடியில் பல பத்து ஆம்பியர் பாயும். மெல்லிய வயர் அடுப்புக் கம்பிபோல் சிவந்துவிடும். மேலிருக்கும் பிளாஸ்டிக் உருகி, பக்கத்து வயரையும் உருக்கும். இது இருக்கைக்கு அடியில் நடக்கிறது. பியூஸ் என்பது வேண்டுமென்றே பலவீனமாகச் செய்யப்பட்ட ஒரு சிறு கம்பி. அது முதலில் உருகி வழியை அறுத்துவிடுவதால் மற்றவை பிழைக்கின்றன.

பியூஸ் சார்ஜரைக் காப்பாற்ற இருக்கிறது என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை, அது வயரைக் காப்பாற்ற இருக்கிறது. அதனால் அது பேட்டரிக்கு அருகில், ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். கைப்பிடிப் பக்கம் போய் பியூஸ் வைத்தால், நடுவில் உள்ள மூன்றடி வயருக்குக் காவல் இல்லை. ஒரு ஆம்பியர் இழுக்கும் பொருளுக்கு 2 அல்லது 3 ஆம்பியர் பியூஸ் போதும். "அடிக்கடி போகிறது" என்று 15 ஆம்பியர் போடுவதும், பியூஸ் தீர்ந்துவிட்டதென்று சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிச் செருகுவதும் நம்மிடையே உள்ள பழக்கங்கள். வெள்ளித்தாள் உருகாது, வண்டிதான் உருகும். பியூஸ் அடிக்கடி போவது, எங்கோ வயர் தோல் உரிந்து சட்டத்தில் உரசுகிறது என்று அது நமக்குச் சொல்லும் செய்தி. காய்ச்சல் அடிக்கும் பிள்ளைக்குத் தெர்மோமீட்டரை உடைத்தால் காய்ச்சல் போய்விடுமா?

கூடுதல் விளக்கு, பெரிய ஹார்ன் போன்ற அதிக மின்சாரம் இழுக்கும் பொருள்களுக்கு ரிலே என்ற சிறு பெட்டி வேண்டும். கைப்பிடியில் உள்ள சுவிட்ச் மெல்லியது. பெரிய மின்னோட்டம் அதன் வழியாகப் போனால் உள்ளே கருகிவிடும். ரிலே எப்படி வேலை செய்கிறது என்பதைத் தோட்டத்து வழக்கில் சொல்கிறேன். கங்காணி மூட்டை தூக்குவதில்லை. அவர் கையைக் காட்டுவார், தூக்குகிறவர்கள் தூக்குவார்கள். சுவிட்ச் கங்காணி, ரிலே தூக்குகிறவர். ரிலேயின் அடியில் நான்கு கால்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் எண் பொறித்திருக்கும். 86 என்ற காலுக்குச் சுவிட்சிலிருந்து வரும் வயர், 85 எதிர்முனைக்கு. இவை இரண்டும் கையைக் காட்டும் வேலை. 30 என்ற காலுக்குப் பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக வரும் தடித்த வயர். 87 விளக்குக்குப் போவது. மூட்டை போகும் வழி அது. இவ்வளவுதான் ரகசியம். பட்டறையில் இதை மாட்டக் கொடுத்தாலும் எண்கள் சரியாக இருக்கின்றனவா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

வயர் இணைப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நம் தோட்டத்து வண்டி படும் பாடு டவுன் வண்டி படுவதில்லை. செம்மண் பாதைக் குலுக்கல், பிற்பகல் மழை, அதோடு ஏற்றிச் செல்லும் சாமான்கள். ரப்பர்ப் பால் உறையாமலிருக்க ஊற்றும் அமோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கக்கூடியது. உரமூட்டையிலிருந்து உதிரும் தூளும் ஈரத்தோடு சேர்ந்தால் அப்படியே. பால் வாளியும் உரமும் ஏற்றும் வண்டிகளின் இணைப்புகள் பச்சை பூத்துப் போயிருப்பதற்கு இதுதான் காரணம். கிளேபாங், தஞ்சோங் கிளிங் போன்ற கடற்கரைப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு உப்புக்காற்று அந்த வேலையைச் செய்கிறது.

வயரை முறுக்கி அதன்மேல் டேப்பைச் சுற்றுவது ஒரு மாதத்துக்குத் தாங்கும். பிறகு வெயிலில் பசை இளகி, டேப் பிரிந்து, மழைநீர் உள்ளே போகும். முறுக்கிய இடத்தில் ஈயம் வைத்துப் பற்றவைத்து, அதன்மேல் சூடுபட்டால் சுருங்கும் குழாயை மாட்டுவதே நல்ல முறை. குழாயை முதலிலேயே வயருக்குள் நுழைத்துக்கொள்ள வேண்டும். ஈயம் வைத்த பிறகு நினைத்தால் நுழையாது. பற்றவைக்க வசதியில்லாதவர்கள், இடுக்கியால் நசுக்கி இறுக்கும் முனைகளைப் பயன்படுத்தலாம். பிளாஸ்டிக் பல்லால் வயரைக் கடித்துப் பிடிக்கும் அவசர இணைப்பிகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அவை வயரின் உள்ளிழைகளை வெட்டிவிடுகின்றன, மழையில் துருவேறுகின்றன.

வயர் கைப்பிடியின் கழுத்தைத் தாண்டிப் போகும் இடத்தில் சற்றுத் தொய்வாக விடுங்கள். கைப்பிடியை இடமும் வலமும் முழுவதும் திருப்பிப் பார்த்து, எங்கும் இழுபடவில்லை என்று தெரிந்த பிறகு கட்டுங்கள். இழுபடும் வயர் உடனே அறுவதில்லை. உள்ளே ஒவ்வொரு இழையாக அறுந்து, ஆறு மாதம் கழித்து நடுவழியில் கைவிடும். புகைக்குழாய்க்கு அருகிலும், பெட்ரோல் தொட்டியின் விளிம்பில் உரசும்படியும் வயரைக் கொண்டுபோகக் கூடாது.

வேலையைத் தொடங்கும்போது சாவியை அடைத்துவிட்டு, பேட்டரியில் முதலில் எதிர்முனையைக் கழற்றுங்கள். முடிந்த பிறகு கடைசியாக மாட்டுவதும் எதிர்முனையைத்தான். இதற்குக் காரணம் உண்டு. வண்டியின் இரும்புச் சட்டம் முழுவதும் எதிர்முனையோடு இணைந்திருக்கிறது. எதிர்முனை மாட்டியிருக்கும்போது நேர்முனையை ஸ்பேனரால் திருகினால், ஸ்பேனரின் மறுமுனை சட்டத்தில் பட்டதும் பொறி பறக்கும். பக்கத்தில் பெட்ரோல் வாடை இருந்தால் நிலைமையைச் சொல்லத் தேவையில்லை. கையில் மோதிரம், கடிகாரம் இருந்தால் அவற்றையும் கழற்றி வைப்பது நல்லது.

மாட்டி முடித்ததும் வரவு செலவு சரியா என்று மீட்டரை வைத்துப் பார்த்துவிடலாம். இரவு முழுவதும் நின்ற வண்டியில், இயந்திரம் ஓடாதபோது பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டினால் முழுச் சேமிப்பு இருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி. இயந்திரத்தை ஓட்டி, சற்று முறுக்கினால் பதின்மூன்றரைக்கும் பதினாலரைக்கும் இடையில் வர வேண்டும். இப்போது புதிதாக மாட்டிய பொருளைப் போடுங்கள். எண் 13க்கு மேலேயே நின்றால் வரவு போதுகிறது. 12.5க்குக் கீழே சரிந்தால், வண்டி ஓடும்போதே சேமிப்பைத் தின்கிறது என்று பொருள். அந்தப் பொருள் இந்த வண்டிக்கு ஏற்றதல்ல. மாறாக 15க்கு மேல் ஏறினால் மின்சாரத்தை மட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. அப்படியே விட்டால் பேட்டரி கொதித்துவிடும், தொலைபேசியும் தப்பாது.

விளக்கைப் பற்றித் தனியாக இரண்டு வார்த்தை. நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். பகலிலும் மோட்டார் சைக்கிள் முன்விளக்கை எரிக்க வேண்டும் என்ற விதி 1992இல் வந்தது. நம் பக்கத்துச் சிரம்பானிலும் ஷா ஆலாமிலும் நடந்த ஆய்வு ஒன்றில், மோட்டார் சைக்கிள் கண்ணில் படாததால் நேரும் விபத்துகள் அந்த விதிக்குப் பிறகு 29 விழுக்காடு குறைந்ததாகக் கண்டார்கள். கூடுதல் விளக்கு மாட்டுவதற்காகப் பேட்டரியைப் பட்டினி போட்டு, பிரேக் விளக்கும் சமிக்ஞை விளக்கும் மங்கிப்போனால், பின்னால் வரும் லாரிக்காரருக்கு நாம் தெரிவதில்லை. நாம் சாலையைப் பார்ப்பது பாதி. பிறர் நம்மைப் பார்ப்பது மீதி.

கூடுதல் விளக்கு தோட்டத்து இருட்டில் உதவும் என்பதை மறுக்கவில்லை. சாலையில் ஓடும் மாட்டையும் பள்ளத்தையும் அது முன்கூட்டிக் காட்டுகிறது. ஆனால் மெர்லிமாவ் சாலைக்கு ஏறியதும் அதை அணைத்துவிட வேண்டும். எதிரே வருபவரின் கண் கூசினால், அவர் வந்து விழுவது நம்மேல்தான். கண்ணைக் கூசவைக்கும் விளக்குக்கும், மினுக்கி மினுக்கி எரியும் நீல, சிவப்பு விளக்குகளுக்கும் போலீசாரும் சாலைப் போக்குவரத்து இலாகாவினரும் அபராதம் விதிப்பார்கள். மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலைக்குப் போகும் பிள்ளைகள் வண்டியைத் தேர்போல் அலங்கரிக்க ஆசைப்படலாம். தேருக்குப் போலீஸ் முன்னால் வழிவிடும். வண்டியை நிறுத்திவைத்துச் சம்மன் எழுதும்.

சமிக்ஞை விளக்குகளை எல்.இ.டி.யாக மாற்றியதும், அவை படபடவென்று வேகமாக மினுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். வண்டி கெட்டுவிடவில்லை. பழைய மினுக்கிப் பெட்டி, பழைய பல்பின் பாரத்துக்கு ஏற்பச் செய்யப்பட்டது. பாரம் குறைந்ததும் பல்பு போய்விட்டதாக எண்ணி வேகமாக அடிக்கிறது. எல்.இ.டி.க்கென்று செய்த மினுக்கிப் பெட்டியை மாற்றினால் சரியாகிவிடும்.

வீட்டில் இருக்கும் தாய்மார்களும் கவனிக்க வேண்டியது ஒன்று. பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துச் சார்ஜ் போடும்போது, அதிலிருந்து ஹைட்ரஜன் என்ற எளிதில் தீப்பிடிக்கும் வாயு வெளிவரும். சாமி விளக்கு எரியும் இடத்திலும் சமையலறையிலும் அதை வைக்கக் கூடாது. வெளித்திண்ணையில், பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கார் பேட்டரிக்குரிய பெரிய சார்ஜரை இதற்கு மாட்டக் கூடாது. 5 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அரை ஆம்பியர் அளவில், பத்து மணி நேரத்துக்குக் குறையாமல், மெதுவாக ஏற்றுவதே சரி. மூடி திறக்கும் பழைய வகைப் பேட்டரியானால், மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் நடுவில் இருக்கும்படி காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர், மழைத் தண்ணீர் வேண்டாம். அமிலம் தோலிலோ கண்ணிலோ பட்டால் உடனே ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். கண்ணில் பட்டிருந்தால் கழுவிய கையோடு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பின்பு பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது.

செத்துப்போன பேட்டரியை என்ன செய்வது? வீட்டுக்குப் பின்னால் கால்வாயில் எறிந்துவிடுவது ஒரு வழக்கம். அதைவிட மோசமானது, அதை உடைத்து ஈயத்தை எடுத்து, பழைய டின்னில் உருக்கித் தூண்டிலுக்கும் வலைக்கும் குண்டு வார்ப்பது. உருகும் ஈயத்தின் புகையும் தூளும் மண்ணில் படிந்து, அங்கே விளையாடும் குழந்தைகளின் உடம்பில் சேர்கின்றன. சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கிறது. பிறகு அதைச் சரிசெய்ய மருந்து இல்லை. ஈயம் மறுபடியும் பயன்படும் பொருளாதலால், பேட்டரிக் கடைக்காரர்களும் பழைய இரும்பு வாங்குகிறவர்களும் செத்த பேட்டரியை வாங்கிக்கொள்கிறார்கள். புதிது வாங்கப் போகும்போது பழையதை நிமிர்த்தி வைத்து, கவிழாமல் கட்டி எடுத்துச் சென்றால், விலையில் சில ரிங்கிட் கழித்துக்கொள்ளும் கடைகளும் உண்டு.